முதல் பிடி கேழ்வரகு

எனக்கு யானை என்றால் பயம். இன்றைக்கும்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஓசூர்ப் பக்கம் சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்துக்கு வாத்தியாராக மாற்றலாகிப் போனபோது இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாடம் நடத்தினோமா, சம்பளம் வாங்கினோமா என்று இருந்திருக்கலாம். இளவட்டங்கள் பீடியும் கள்ளச்சாராயமுமாகத் திரிவதைப் பார்த்து மனசு கேட்காமல், விடியற்காலையில் தேகப்பயிற்சி சொல்லித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தண்டால் எடுத்தவனுக்குப் பசிக்கும். கடலையும் வெல்லமும் யார் கொடுப்பது? தாலுகா ஆபீசில் மனு கொடுத்தேன். மனு அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டது. கடைசியில் கைகொடுத்தவர்கள் ஊர்ப் பெண்கள்தான். களிக்கு மாவரைக்க உட்காரும்போது, முதல் பிடி கேழ்வரகை எங்கள் பெயரில் ஒரு சட்டியில் போட்டு வைத்தார்கள். பண்ணை வீட்டிலும் ஒரு பிடி, கூலிக்காரர் குடிசையிலும் ஒரு பிடி. சேர்ந்ததை ஓசூர்ச் சந்தையில் விற்றுக் கடலை வாங்கினோம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. தர்மத்துக்கு எடுத்து வைத்த தானியம் மறுபடி எந்த வீட்டு வாசற்படியும் ஏறக் கூடாது. அதனால் மூட்டையைப் பயிற்சிக் கொட்டகையிலேயே வைத்தோம். கொட்டகையோ ஊருக்கு வெளியே, காட்டைப் பார்த்தபடி இருந்தது. கேழ்வரகு வாசனைக்கு யானை வரும் என்று அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் தர்மத்துக்கு வைத்ததை அது தொடாது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை துளியும் இல்லை. சொன்னால் என் பயம் வெளியே தெரிந்துவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

தை மாதம், பொழுது புலர்ந்து பனி விலகாத நேரம். பையன்கள் ஒன்பது பேரும் பஸ்கி எடுக்க, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்து மூங்கில் தட்டி முறிந்தது. துதிக்கை உள்ளே வந்து மூட்டையைத் தடவியது. அதன் மூச்சு என் காலில் சூடாகப் பட்டது. ஒருவன் “ஆனெ! ஆனெ!” என்று கன்னடத்தில் அலறினான். “பயப்படாதீங்கடா” என்று தினமும் அவர்களுக்குச் சொன்னவன் நான். முதலில் ஓடியவனும் நான்தான். வாசலில் நின்ற ஒருவனை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினேன்.

புளியமரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தால் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். நான் தள்ளிவிட்டவன் இல்லை. களையெடுக்கப் போகும் ஒருத்தியின் மகன் அவன், பதினாறு வயது. கண்ணெதிரே கொட்டகை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேனே தவிர, ஓரடிகூட முன்னே எடுத்து வைக்கவில்லை. யானை தின்று முடித்துக் காட்டுக்குள் போனபிறகு, கூரைக்கு அடியிலிருந்து அவன் ஊர்ந்து வந்தான். முழங்கையில் ரத்தம். என்னை ஒரு பார்வை பார்த்தான்.

சாயங்காலம் அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், இனி இங்கே தலைகாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். அவள் கைகூப்பினாள்.

“யானை காலடியில கெடந்தவன நீங்கதான் இழுத்துப் போட்டீங்களாமே சாமி. பசங்க ஒம்போது பேரும் ஒரே வாயா சொல்றாங்க. நாளையிலிருந்து எங்கூட்ல ரெண்டு பிடி போடறேன். ஒண்ணு உங்க பேருக்கு.”

உண்மை தெரிந்தால் சட்டியில் பிடி விழுவது நின்றுவிடும், பயிற்சியும் நின்றுபோகும் என்று பையன்கள் கூடிப் பேசிச் சொன்ன பொய் அது. “இல்லம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். பயம் அப்போதும் விடவில்லை.

மறுநாள் விடியலில் சரிந்த கொட்டகைக்கு முன்னால் ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். கையில் கட்டோடு அவன்தான் முதல் ஆள். யானையைவிட அவன் கண்ணைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே “ஒன்று” என்று எண்ண ஆரம்பித்தேன்.