எனக்கு முன்பே வந்திருந்த முகம்

2001-ஆம் ஆண்டு டைரியில் ஒரு திங்கட்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது: "காலை 8.10 மர்பி டவுன் வீட்டிலிருந்து புறப்பாடு. 10.40 ஆனேக்கல். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். இரவு அங்கேயே." பேருந்துச் சீட்டையும் அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இதை முதலில் சொல்லக் காரணம், நான் பேய், குறி, சகுனம் எதையும் நம்பாதவன், ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதவன், ஆனாலும் இனிச் சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்கே தெரியும்.

அக்காவிடம் சொன்ன விஷயம், என் நாக்கின் இடது ஓரத்தில் புற்றுநோய் என்பது. சதை எடுத்துப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, கதிர்வீச்சு என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கிவிட வேண்டுமாம், இல்லையென்றால் பிற்பாடு தாடை எலும்பு கெட்டுப்போகுமாம். அந்த வாரம் வியாழக்கிழமை இடது பக்கம் ஐந்து பல் போயிற்று. கன்னம் குழிந்துவிட்டது. ஈறு ஆற இரண்டு வாரம்.

பிறகுதான் முகமூடி எடுக்க வரச் சொன்னார்கள். வலை போன்ற பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் விரித்து அழுத்துவார்கள், இறுகியதும் அது நம் முகமாகவே நின்றுவிடும், தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டினால் தலை அசையாது. அது இல்லாமல் சிகிச்சை இல்லை.

காலை பதினொரு மணி. என் மனைவி செல்வியும் வந்திருந்தாள். கன்னடம் கலந்த தமிழ் பேசும் டெக்னீஷியன் கையை விரித்தார்.

"முகமூடி ஷீட்டு காலி சார். மூணு வாரம் ஆகும்."

கட்டி கழுத்துக்கு இறங்கப் பார்க்கிறது, ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள் என்று டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். செல்வி விடவில்லை.

"மூணு வாரம் கட்டி சும்மா இருக்குமா அண்ணா? நீங்க சொன்னா கேக்குமா?"

அவர் என் சீட்டிலிருந்த நம்பரைப் பார்த்தார். சுவரில் வரிசையாக முகங்கள் தொங்கின, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒட்டுத்தாளில் பெயர். அவர் கை ஒன்றில் போய் நின்றது.

"என்ன சார், தமாஷா? உங்களுது ஆகோயிடுச்சே. நோடி, பாருங்க, பேரு, நம்பர்."

"நான் இந்த ரூமுக்கே இன்னிக்குத்தான் வர்றேன்."

"ஸ்வல்ப படுங்க சார், பார்த்துடலாம்."

ஒட்டுத்தாளில் தேதியும் இருந்தது. நான் ஆனேக்கலில் இருந்த அதே திங்கட்கிழமை. படுத்தேன். முகமூடி நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது, நம்பினால் நம்புங்கள், இடது கன்னத்தில் குழிகூட இருந்தது, பல் பிடுங்கியதோ அந்தத் தேதிக்கு மூன்று நாள் கழித்து. செல்வி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, உங்க மூஞ்சியேதாங்க," என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பொருத்திப் பார்த்தார். "அருமையா இருக்கு. நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, பயமும் சந்தோஷமும் ஒன்றாக, அந்தத் திங்கட்கிழமை முகமூடி எடுத்தது யார் என்று அந்த அறையின் பதிவேட்டைப் பார்க்கத் திரும்பி ஓடப் போனேன். செல்வி சட்டையைப் பிடித்தாள்.

"தேதி கீதின்னு நோண்டி, இருக்கறதையும் புடுங்க வெச்சுடாதீங்க. யார் பண்ணா என்ன, வாயை மூடிட்டு வாங்க."

சிகிச்சை முடியும்வரை வாயை மூடிக்கொண்டேன். கடைசி நாள்தான் டெக்னீஷியனிடம் கேட்டேன்.

"அந்தத் திங்கள் நான் லீவு சார். ரூம் பூட்டு. ஒட்டுத்தாள்ல இருக்கற கையெழுத்தும் என்னுது இல்ல," என்றார். பதிவேட்டில் அன்றைக்கு ஒரு வரியும் இல்லை. முகமூடியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

நோய் திரும்பவில்லை. முகமூடி என் அலமாரியில் இருக்கிறது. மேலுதட்டுப் பக்கம் பிளாஸ்டிக்கோடு உருகிச் சேர்ந்த ஒரு முடி இருப்பதை வீட்டுக்கு வந்தபின் பார்த்தேன். வெள்ளை முடி. அப்போது என் மீசையில் ஒரு நரைகூட இல்லை, மருத்துவமனை அட்டையிலுள்ள புகைப்படம் சாட்சி. இப்போது மீசை முழுவதும் வெள்ளை. அந்த முடி என்னுடையதுதானா என்று சோதித்துப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆகவே அதை உறுதிசெய்யப்படாதது என்றே எழுதி வைக்கிறேன்.