டிகிரி தடவிய பசை

கடையில் எல்லோரும் அவரை டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் எழுபத்தாறு டிகிரி, எண்பத்திரண்டு டிகிரி என்று சூட்டைத் தவிர வேறு பேச்சு வராது என்பது ஒரு காரணம். கல்லூரியில் மூன்றாம் வருடம் தோற்று அதோடு நின்றுவிட்டவர் என்பது இன்னொரு காரணம். பெயரை வைத்தவர் கடை முதலாளி. அவர் வேறு யாருமில்லை, டிகிரியின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். பட்டம் வாங்காதவனுக்கு நாமளாவது ஒரு டிகிரி கொடுப்போம் என்று சொல்லி முதல் நாளே சிரித்தார். முதலாளி சிரித்தால் கடையே சிரிக்கும். ஒன்பது வருடமாகியும் அந்தச் சிரிப்பு தேயவில்லை.

வீட்டில் அதே வாய் "மாப்ளே" என்று கூப்பிடும். சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் தோளில் கை போட்டு, எங்க மாப்ளே பசையுள்ள ஆளு என்பார். வசதியானவர் போலிருக்கிறது என்று புது ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கம்ப்யூட்டருக்குப் பசை தடவுறாரு என்று அடுத்த வரி வரும். டிகிரியும் சேர்ந்து சிரிப்பார். அவர் மனைவி மட்டும் அந்த நேரத்தில் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

தடவுகிற வேலைதான். ஆனால் லேசான வேலை இல்லை. தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட வைத்துக் கொடுப்பது அந்தக் கடையின் தொழில். வேகம் கூடினால் அது அடுப்பாகக் கொதிக்கும். சூட்டை இறக்க அதன் தலைமேல் ஓர் உலோகக் கட்டியை இறுக்கி உட்கார வைப்பார்கள். இரண்டும் கண்ணுக்கு வழவழப்புதான். உண்மையில் நடுவே மயிரிழைப் பள்ளங்கள் இருக்கும். அங்கே காற்று நின்றால் சூடும் இறங்காமல் நின்றுவிடும். காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்பத்தான் பட்டாணி அளவு பசை. எந்தப் பசை என்பதில் பத்து டிகிரி கூடும், குறையும்.

கடையின் பின்னறையில் ஜன்னல் கிடையாது. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் உண்டு. அங்கே பதினெட்டு வகைப் பசைச் சிரிஞ்சுகளை வரிசையாக வைத்திருந்தார். முதல் நாள் நம்பரை எவனும் காட்டுவான், நாற்பதாம் நாள் நம்பரைக் காட்டு என்பார். இளகிய பசை முதல் வாரம் பிரமாதமாக இருக்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். ஆகவே போட்டிக்காகத் தினமும் கழற்றி மாட்டுகிறவருக்குத் துடைக்கச் சுலபமான இளகல். வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும் இயந்திரத்துக்குக் கெட்டிப் பசை. கெட்டியானது சட்டென்று வராது என்று சிரிஞ்சைக் கால் மணி நேரம் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார். காய்ச்சலா டிகிரி என்று கேட்டுக் கடை சிரிக்கும்.

அவரை அண்ணே என்று கூப்பிட்டது ஒரே ஒருத்திதான். சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்க்கும் பெண். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர். பள்ளிக்கூடம் போகிற மகளோடு தனியாக இருந்தாள். வேலையில் கறார். அறையின் சூட்டைக் கழிக்காமல் நீங்க எழுதுற நம்பர் கோடையில ஒண்ணு, மழையில ஒண்ணு சொல்லும் அண்ணே என்று ஒருநாள் சொன்னாள். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டினார்.

அந்த வருடம் நகர மண்டபத்தில் மூன்று நாள் கம்ப்யூட்டர் கண்காட்சி. எதிர்க்கடைக்காரருக்கு நேர் எதிரே ஸ்டால் பிடித்த முதலாளி, மிகை வேகத்தில் ஓர் இயந்திரத்தை மூன்று நாளும் நிறுத்தாமல் ஓட்டி, அதன் சூட்டைப் பெரிய திரையில் காட்டப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இதற்கென்று லேத் பட்டறையில் கொடுத்து, உள்ளே தண்ணீர் ஓடும் குளிர்விப்புக் கட்டி ஒன்றைக் கடைந்து வாங்கினார். அலுமினியம். மேலே கடைச் சின்னம். அடித்தட்டு முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்தது. கூடவே பாதரசம் போல மினுங்கும் திரவ உலோகச் சிரிஞ்சு ஒன்றையும் மேசையில் வைத்து, இதைத் தடவு என்றார்.

டிகிரி அடித்தட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மச்சான், இது அலுமினியம். இந்தச் சரக்கு அலுமினியத்தைத் தின்னுடும். செம்பா இருந்தா ஒண்ணும் ஆகாது. இதுக்குக் கெட்டிப் பசை போடுவோம். நாலு டிகிரி கூடத்தான் காட்டும், ஆனா மூணு நாளும் நிக்கும்."

கடையில் இருந்த ஏழு பேரும் கையில் இருந்ததை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைக்குள் மச்சான் என்று கூப்பிடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது என்று ஆரம்பித்தார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் தங்கச்சி அழுதாளேன்னு உன்னை உள்ள விட்டேன். பசை தடவ விட்டேன். யோசிக்கவும் விட்டேனா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணாடி மட்டும் எழுந்து, அண்ணன் சொல்வது சரிதான் சார், இந்தச் சிரிஞ்சு வந்த டப்பாவிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும் என்றாள். உன் போர்டைப் பாரு என்று பதில் வந்தது.

டிகிரி அப்போது மறுத்திருக்கலாம். சிரிஞ்சை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் எடுத்துத் தடவினார். சுற்றிலும் நாடா ஒட்டி, ஒரு சொட்டும் வழியாமல், பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தேய்த்து மினுமினுவென்று பரப்பினார். ஒன்பது வருடத்தில் அவர் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். தின்னட்டும் என்று மனதுக்குள் ஒரு சொல் ஓடியது. அன்று வீட்டில் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்ன சந்தோஷம் என்று மனைவி கேட்டாள்.

முதல் நாள் திரையில் ஐம்பத்தெட்டு டிகிரி. கூட்டம் அள்ளியது. முதலாளி மைக்கைப் பிடித்து, இதைத் தின்னுடும்னு சொன்ன மேதை இவர்தான், நல்லாப் பார்த்துக்கங்க என்று டிகிரியை முன்னால் இழுத்து நிறுத்தினார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கை கொட்டினார்கள்.

இரண்டாம் நாள் மதியம் அறுபத்தொன்று, அறுபத்து நாலு. கண்ணாடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"அண்ணே, தட்டு போகுது. உள்ள தண்ணி ஓடுது. நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்க சொல்லி நிறுத்துங்க."

"இன்னும் கொஞ்சம் போகட்டும்."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தானே முதலாளியிடம் ஓடினாள். அவர் கையை வீசி விரட்டினார். கால் மணி நேரத்தில் அடித்தட்டு விரிசல் விட்டு, நிறம் கலந்த வெந்நீர் போர்டின் மேல் கொட்டியது. பட்டென்று ஒரு சத்தம், குப்பென்று புகை, திரை இருண்டது. பிளக்கைப் பிடுங்க ஓடியவள் கண்ணாடிதான். அவள் மணிக்கட்டில் வெந்நீர் பட்டுத் தோல் சிவந்து எழும்பியது. எதிர் ஸ்டாலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கடைக்குக் கொண்டுவந்து கழற்றியபோது அடித்தட்டு, விரல் பட்டதும் பழைய ரொட்டியின் ஓரம் போல உதிர்ந்தது. முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். தவறு யாருடையது என்று அவருக்குத் தெரியும். மற்ற ஏழு பேருக்கும் தெரியும். தெரிவது வேறு, சொல்வது வேறு. சுற்றிப் பார்த்த அவர் கண் டிகிரியின் மேல் நின்றது, பிறகு கண்ணாடியின் கைக்கட்டுக்குப் போனது, திரும்பவும் டிகிரியிடம் வந்தது. தங்கை புருஷனைத் துரத்த முடியாது. அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று டிகிரிக்குப் புரிந்துவிட்டது.

"நீ சொல்லு. யார் கை பட்டு இப்படி ஆச்சு?"

"நான் சரியாத்தான் வச்சேன். அப்புறம் இந்தப் பொண்ணு கழட்டி மாட்டிச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பேச்சு. மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. அண்ணே என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். தன் ஸ்க்ரூடிரைவர்களைத் துணியில் சுருட்டிக் கட்ட அவளுக்கு ஒரு கைதான் உதவியது. யாரும் போய் முடிச்சுப் போட்டுக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் வேலை தப்பித்த கதையை மனைவியிடம் சொன்னார். அவளும் நிம்மதிப்படுவாள் என்றுதான் நினைத்தார். அவள் தட்டை வைத்த கையை எடுக்காமல் கேட்டாள்.

"அவ உங்களுக்காகத்தானே பேசினா?"

அவர் சாப்பாட்டைப் பிசைந்தார்.

"இப்படி இருக்க எங்க அண்ணன் ஒருத்தர் போதும்னு இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு கடையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

மறுநாள் முதலாளி முதன்முறையாகக் கடைக்குள்ளேயே மாப்ளே என்றார். அந்தச் சொல் இனித்தது. பெட்டி கீழே விழுந்தாலும், வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தாலும், நம்ம மாப்ளே பார்த்திருப்பாரே என்று கூப்பிட்டு நிறுத்துவார். டிகிரியும் பார்த்ததாகச் சொல்வார். முதல் தடவை நாக்கு கூசியது. மூன்றாவது தடவை கேட்பதற்கு முன்பே சொன்னார். மூன்று வருடத்தில் நான்கு பேர் அவர் வாயால் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். சிரிப்பும் நின்றுபோனது, அது இருந்ததே தேவலை என்று அவருக்குத் தோன்றிய நாட்கள் உண்டு. ஒருநாள் பதினெட்டு சிரிஞ்சுகளின் லேபிள்களையும் யாரோ உரித்து மாற்றி ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாக விரலில் பிதுக்கி, தேய்த்து, முகர்ந்து பார்த்துப் பன்னிரண்டைக் கண்டுபிடித்தார். ஆறைக் குப்பையில் போட்டார். யார் செய்தது என்று கேட்காமல் மிச்சத்துக்குப் புது லேபிள் எழுதி ஒட்டினார்.

நான்காம் வருடம் முதலாளி கடையை விற்றுவிட்டு மகன் இருக்கும் ஊருக்குப் போனார். மாப்ளேயிடம் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு பேர் ஏணியில் நின்று பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் டிகிரிக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் அலைந்தார். நாற்பத்தாறு வயதில் பசை தடவத் தெரியும் என்று சொன்னால் யார் எடுப்பார்கள். அப்போதுதான் மனைவி சொன்னாள், இரண்டு தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் பட்டறையில் ஆட்கள் தேவை என்று எழுதி மாட்டியிருக்கிறது என்று. யார் நடத்துகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை.

உள்ளே எட்டு மேசைகள். கடைசி மேசையிலிருந்து எழுந்து வந்தது கண்ணாடி. மணிக்கட்டில் வெளிறிய ஒரு வடு. வாங்கண்ணே என்று நாற்காலி போட்டாள், டீ வாங்கிவரச் சொன்னாள். மேசையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்கு என்ன பசை என்று கேட்டாள். ஃபேன் சத்தத்தையும் திரை நம்பரையும் பார்த்து, இளகல், ஓரம் பிதுங்க ஆரம்பிச்சாச்சு, மாத்தணும் என்றார் அவர். அவள் தலையாட்டினாள். நேற்றுத்தான் வேறு கடையிலிருந்து பழுதுக்கு வந்ததாம்.

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சிடும்மா என்றார்.

"அதுக்கு நீங்க வரலையே அண்ணே. வேலை கேட்டுத்தானே வந்தீங்க?"

அவர் டீயைப் பார்த்தார்.

"உங்க கை சுத்தம். அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா உங்க பக்கத்து மேசையில இன்னொருத்தரை எப்படி உட்கார வைப்பேன், சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். வாசல் வரை அவளே வந்து வழியனுப்பினாள். கதவை ஒட்டி இரண்டு மேசைகள் காலியாக இருந்தன.

வீட்டில் மனைவி என்ன ஆச்சு என்றாள். ஆள் எடுத்தாச்சாம், இடம் இல்லையாம் என்றார். காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்பியிருந்த அவள், அந்தத் தெரு வழியாகத்தான் வந்திருந்தாள்; ஆட்கள் தேவை என்ற பலகை அங்கேயே தொங்குவதைப் பார்த்திருந்தாள். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் காய்கறிப் பையைக் கீழே கொட்டிப் பிரிக்க உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் அவர் ஒரு பார்சல் கிடங்கில் சேர்ந்தார். வருகிற பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை. ஆளுக்கொரு பாதை, ஆளுக்கொரு எந்திரம், ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டியதில்லை.