குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் அப்பா

கொம்பியூட்டரிலிருந்து டிஸ்க்கை வெளியே எடுப்பதற்கு அதைக் குப்பைத்தொட்டியில் போடவேண்டும் என்று எந்த மகாபுத்திசாலி யோசித்தானோ தெரியாது. அவனை எங்கேயாவது கண்டால் நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசிமாதச் சனிக்கிழமை முழுக்க மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. எங்களுடைய ஆட்களுக்கு அந்தியேட்டி என்றால் கல்வெட்டு வேண்டும். செத்தவரின் படம், வாழ்க்கை, தேவாரம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் சேர்த்து அச்சடித்த சின்னப் புத்தகம். அது இல்லாமல் வந்த சனத்தைச் சாப்பிட வைத்து அனுப்பினால் அம்மா பிறகு ஒருவரின் முகத்திலும் முழிக்கமாட்டார். அப்பா இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது பனிக்காலம் முடியமுன்னரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். கனடாவில் அவருடைய பெயர் அச்சில் வரப்போவது அந்த ஒரு புத்தகத்தில்தான். ஸ்காபரோவில் இருந்த அச்சகக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்: "மூண்டு மணிக்கு முன்னம் டிஸ்க் என்ரை கைக்கு வரவேணும். பிந்தினால் என்னாலை ஏலாது."

நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தோம். இரண்டு தட்டுக் கீழே, தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு வீட்டிலிருந்து விளம்பரங்கள் செய்துகொடுக்கிற ஓர் அண்ணை இருந்தார். தமிழ் எழுத்து ஓடுகிற கொம்பியூட்டர் அவரிடம்தான் இருந்தது. வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டு வேலைக்குப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மிசினுக்குள்ளை ஒண்டையும் ஏத்திப்போடாதையும் தம்பி, இடமில்லை." அதனால் கல்வெட்டு முழுவதும் ஒரேயொரு டிஸ்க்கில் இருந்தது. அந்த டிஸ்க்குக்கு 'appa' என்று பெயர் வைத்திருந்தேன்.

நான் வகுப்பில் படித்த கொம்பியூட்டர் வேறு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கட்டளையைத் தட்டவேண்டும், ஓர் எழுத்துப் பிசகினாலும் முகத்தில் அடித்தமாதிரிப் பதில் வரும். அண்ணையின் மிசினில் எல்லாம் படம். கடதாசி படம், பைல் படம், கீழ்மூலையில் மூடிபோட்ட தகரக் குப்பைத்தொட்டி. எழுபதுகளில் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர் கந்தோரில் வேலைசெய்கிற மேசையை அப்படியே திரைக்குள் கொண்டுவந்தார்கள் என்றும், பின்னால் வந்தவர்கள் அதில் தொட்டியையும் வைத்தார்கள் என்றும் பிறகு ஒரு புத்தகத்தில் வாசித்தேன். படத்தைக் கண்டால் யாரும் பயப்படாமல் பழகுவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். அம்மாவை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

அம்மா அன்றைக்குத் தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அச்சுக்குப் போகமுன்னர் பெயர்களை ஒருதரம் பார்க்கவேண்டுமாம். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு பெயராக வாசித்தார். அப்பாவின் படம் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வடிவாய் வந்திருக்கு" என்றார். பைலை மூடினேன். டிஸ்க்கின் படம் மட்டும் திரையில் நின்றது. ஆங்கில வகுப்புக்குப் போய்வந்த அம்மா அதற்குக் கீழே இருந்த எழுத்தைக் கூட்டி வாசித்தார்: "அப்பா."

"ஓம், இதுக்குள்ளைதான் எல்லாம் இருக்கு. எழும்புங்கோ, நேரம் போட்டுது" என்று சொல்லிக்கொண்டே மவுஸால் அதைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"உதெங்கை கொண்டுபோறாய்?"

"வெளியிலை எடுக்கிறன் அம்மா."

"உது குப்பைத்தொட்டியெல்லோ!"

தொட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுவையில் டிஸ்க் திரையின் நடுவில் போய் விழுந்தது.

மற்றக் கொம்பியூட்டர்கள் என்றால் டிஸ்க் போடும் வாசலோரத்தில் ஒரு பட்டன் இருக்கும், அமத்தினால் டிஸ்க்கைத் துப்பும். அந்த நாசமாய்ப்போன மிசினில் அதுவும் இல்லை. அண்ணை எனக்குக் காட்டித்தந்தது இந்த ஒரு வழிதான். முதல்நாள் அவர் டிஸ்க்கைத் தொட்டியில் போட்டபோது எனக்கும் நெஞ்சு பக்கென்றது. ஆனால் அதைச் சொல்லி விளங்கப்படுத்த நேரம் எங்கே? சப்வே எடுத்து, பிறகு பஸ் எடுத்து, அந்தப் பனிக்குள் நடந்து போகவேண்டும்.

"அம்மா, அது அழியாது. சும்மா படம்!"

"படமெண்டால்? சாமியறையிலை இருக்கிறதும் படந்தான். தூக்கிக் குப்பைக்கை போடுவியோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. கையை விடுங்கோ!"

கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ தட்டினார்கள். அம்மா கையை விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அண்டைக்கும் உந்த விரலாலைதான் அமத்தினனி" என்றார். "இப்ப குப்பைக்குள்ளையோ?"

ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே சுடலைக்கு அம்மாவும் வந்து நின்று பார்த்தார். கொள்ளி வைக்க நெருப்பில்லை, சுவரில் ஒரு பட்டன். அமத்தச் சொன்னார்கள், அமத்தினேன். கதவு திறந்து பெட்டி உள்ளே போனது, கதவு மூடியது. அன்றிலிருந்து அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பையையும் மேசையிலிருந்து எடுக்கவில்லை.

மவுஸை விட்டுவிட்டேன். மணி ஒன்றே முக்கால். அண்ணையின் வேலைத்தளத்துக்கு அடித்தேன், அவரைப் போனுக்குக் கூப்பிட ஏலாது என்றார்கள். வேறு வழியில்லாமல் திரையின் மேல் வரியிலிருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எதையாவது பிழையாக அமத்தி உண்மையிலேயே எல்லாம் அழிந்துபோனால்? அம்மா தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் டிஸ்க்கை வெளியேற்று என்று ஆங்கிலத்தில் இருந்தது. முருகா என்று அமத்தினேன். மிசின் உறுமியது, டிஸ்க் வெளியே வந்தது.

அப்பாடா என்று அதை உருவிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். டிஸ்க்கின் படம் போகவில்லை. சாம்பல் நிறமாக வெளிறிப்போய், அதே பெயரோடு, திரையின் நடுவில் நின்றது.

"உதேன் இன்னும் நிக்குது?"

"நிழல் மாதிரி அம்மா. சாமான் போனாலும் மிசின் அதை மறக்காது. நிப்பாட்டினால்தான் போகும்."

"அப்ப நிப்பாட்டாதை" என்றார்.

நிப்பாட்டவில்லை. அப்படியே விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். மூன்று மணிக்குச் சற்று முன்னர் அச்சகக்காரரின் மேசையில் டிஸ்க்கை வைத்தபோது எனக்குக் கதைக்க மூச்சு வரவில்லை. காலமை புத்தகம் தயாராயிருக்கும் என்று கையடித்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், போன் அடிக்கிறது. அண்ணை.

"தம்பி, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? உம்மடை டிஸ்க்கின்ரை பேரைச் சொல்லி 'அப்பாவைப் போடு, அப்பாவைப் போடு' எண்டு மிசின் கேட்டுக்கொண்டு நிக்குது. இல்லையெண்டு அமத்தினாலும் திருப்பித் திருப்பிக் கேக்குது. ஒரு வேலை செய்ய விடுதில்லை!"

செத்தவீட்டில் அழாதவன், பட்டனை அமத்தியபோதும் அழாதவன், போனைக் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அண்ணை பயந்துபோய், "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா குசினியிலிருந்து வந்தார். "என்னவாம்?"

"அந்த மிசின் அப்பாவைக் கேட்டுக்கொண்டு நிக்குதாம்."

அம்மா மேசையில் இருந்த கோப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவர் இனி வரமாட்டாரெண்டு சொல்லு" என்றார்.

மிசினை நிப்பாட்டச் சொல்லி அண்ணைக்குச் சொன்னேன். அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து கோப்பையைக் கழுவினார்.