சோகக் காட்சிக்குச் சிரித்த மேரி

போன ஞாயிற்றுக்கிழமை காக்களூர் தொழிற்பேட்டையில் என் மானம் போனது. அதுவும் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது!

அங்கே தொழிலாளர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறார்கள். நடத்துபவர் செல்வராஜ் — வெல்டர், பழைய படப் பைத்தியம், என் நண்பர். இந்த மாதம் அவர் பிடித்தது, சினிமா பேச ஆரம்பித்த புதிதில் பிரிட்டனில் குறைந்த செலவில், அவசரமாக எடுத்த ஒரு காமெடிப் படம். சப்டைட்டில் கிடையாது. நான் கூடவே தமிழில் சொல்ல வேண்டுமாம். "உங்களை விட்டா யாரு?" என்றார். புகழ்ந்தால் யார்தான் மறுப்பார்கள்? படத்தை முன்கூட்டியே ஒருமுறை பார்க்கவும் தோன்றவில்லை.

ஒலி... அப்பளம் பொரிக்கிற சத்தத்துக்கு நடுவே யாரோ ஆங்கிலம் பேசுவது மாதிரி இருந்தது. படமெடுத்தபோது மைக்கைப் பூச்சாடியில் ஒளித்துவைத்திருப்பார்கள் போல. நடிகர்கள் எல்லோரும் அதைப் பார்த்தே பேசினார்கள்.

ஷூ ஃபேக்டரியில் ஒரு பெண்ணை வேலையைவிட்டு நிறுத்துகிறார்கள். அது புரிந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஏதோ சொல்கிறாள். என் காதில் விழுந்தது 'ஜாப்' மட்டும். "அப்பா, என் வேலை போயிடுச்சு" என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். ஹாலே உச்சுக்கொட்டியது.

அடுத்த காட்சியில் அப்பா ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறார். வேலை போனதற்கு விருந்தா? மகளைத் தேற்றுகிறார் என்று சமாளித்தேன். அப்புறம் எல்லாமே சமாளிப்புதான்.

முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மேரி என்று வைத்துக்கொள்வோம். எனக்குக் கடுப்பு தலைக்கேறியது. நான் உருகிக்கொண்டிருக்கிறேன், இவருக்கு என்ன சிரிப்பு?

பாதியில் டீ கொடுத்தபோது கேட்டேவிட்டேன்.

"நீங்க சொன்னது தப்பு சார். வேலை போனத அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல. அப்பன்கிட்ட பொய் சொல்லிக்கினு கீது."

ஆங்கிலம் தெரியுமா என்றேன். தெரியாதாம்.

ரோஷத்தோடு செல்வராஜின் லேப்டாப்பில் இயர்போனை மாட்டி, அந்தக் காட்சியை மூன்று முறை கேட்டேன். தனக்குப் பதவி உயர்வு கிடைத்திருப்பதாகச் சொல்கிறாள் மகள். ஒரு காமெடிப் படத்தை அரை மணி நேரம் ஒப்பாரியாக ஓட்டியிருக்கிறேன்!

மேரியிடம் திரும்பிப் போனேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். தாழ்ந்த குரலில் சொன்னார். தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் பதினெட்டு வருஷம். காதுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்குப் பஞ்சு கொடுத்தார்களாம். பஞ்சு! இப்போது காது முக்கால்வாசி போய்விட்டது. நான் சொன்னதையே என் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். கம்பெனிக்கு இது தெரியாது. தெரிந்தால் வேலை இருக்காது.

"சூப்பர்வைசர் இன்னா சொன்னாலும் சிரிச்சிக்கினே தலையாட்டுவேன் சார். அந்தப் பொண்ணும் அதே மாதிரிதான் சிரிச்சுது. அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டேன். படத்தை முதலிலிருந்து போட்டார் செல்வராஜ். மேரி கதை சொன்னார். ஹால் வயிறு வலிக்கச் சிரித்தது.

கிளம்பும்போது, எழுதலாமா என்று கேட்டேன். பேரும் கம்பெனியும் வேண்டாம் என்றார். போடவில்லை.

எந்தக் கம்பெனி என்று யோசிக்கும் முதலாளிகளே... உங்களுடையதுதான்.