மூன்றேகால் பிள்ளை உயரம்

திருவனந்தபுரத்தைச் சுற்றி இருக்கிற பழைய கட்டடங்களில் பாதிக்கு என்னால் உயரம் சொல்ல முடியும். அடியிலும் மீட்டரிலும் கேட்காதீர்கள். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ், அதிலும் கணக்கு டீச்சர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் சொல்வது வேறு கணக்கு. விழிஞ்ஞத்தில் கோயில் குடைந்திருக்கிற பாறை, இரண்டேமுக்கால் பிள்ளை. கரமனை ஆற்றுப் பாலத்தின் தூண், நான்கு பிள்ளை. வெள்ளாயணி வயலோரத்து வைக்கோல் போர், விளைச்சல் நன்றாக இருந்த வருஷம் என்றால், மூன்றரைப் பிள்ளை. அந்தப் பிள்ளை நான்தான்.

என் சித்தப்பா சர்வே ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டில் இருந்து கரமனைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும், வீட்டில் கேமரா என்ற சாமானை முதலில் தொட்டவர் அவர்தான். கொழும்பில் இருந்து திரும்பிய ஒருவரிடம் பழசாக வாங்கிய பெட்டிக் கேமரா அது. கண்ணில் வைத்துப் பார்க்கக் கூடாது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிற கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். என் ஆயுசில் என் முன்னால் வந்து அத்தனை தடவை தலை குனிந்த ஆண்பிள்ளை வேறு யாரும் இல்லை. கட்டினவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்புவோம். அம்மா விடியற்காலையிலேயே புளிச்சோறு கட்டிவிடுவாள். அப்பா, "கல்லையும் மண்ணையும் பாக்கதுக்கு பஸ் ஏறணுமாடே?" என்று அலுத்துக்கொண்டே முதல் ஆளாக வாசலில் செருப்புப் போட்டு நிற்பார். எங்களோடு இருந்த அத்தை, சித்தப்பாவைக் கேலி செய்ய ஒரு நாள் முழுக்கக் கிடைக்கிறதே என்பதற்காகவே வருவாள்.

ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஒரு பயணத்துக்கு ஒரு ரோல். அந்தப் பன்னிரண்டில் மனுஷர்கள் யாருக்கும் இடம் கிடையாது. ஒரு தடவை அம்மா புதுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து, "தம்பி, ஒண்ணே ஒண்ணு எடுங்கோ" என்று கேட்டாள்.

"மைனி, ஒங்களுக்கு ஸ்டூடியோ இருக்கு. இந்தத் தூணுக்கு யாரு இருக்கா?" என்றார் சித்தப்பா.

ஆள் வந்து நின்றால் பார்க்கிறவன் கண் அவன் மூஞ்சிக்குத்தான் போகுமாம், தூணுக்குப் போகாதாம். ஆனால் பக்கத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் தூண் விரல் உயரமா மலை உயரமா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆபீஸில் கறுப்பும் வெள்ளையும் அடித்த அளவுகோல் இருந்தது. ஆபீஸ் சாமானைச் சொந்தக் காரியத்துக்குத் தொடுகிற ஆள் இல்லை அவர். அதனால் ஓரமாக என்னை நிறுத்தினார். படம் வந்ததும் பின்பக்கம் பென்சிலால் எழுதுவார்: பிள்ளை மூணு, பிள்ளை ரெண்டே கால்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. குடும்பத்திலேயே நான் ஒருத்திதான் எல்லாப் படத்திலும் இருந்தேன். பள்ளிக்கூடத்தில், "எல்லாம் என் படமாக்கும். பொறத்தால கோயிலும் கொஞ்சம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பாவுக்குக்கூடக் கிடைக்காத சர்க்கார் உத்தியோகம் எனக்கு எட்டு வயசிலேயே கிடைத்துவிட்டதாக நினைப்பு.

ஒரு வருஷம் கழித்து விழிஞ்ஞத்துக்கு இரண்டாம் தடவை போனதுதான் வினையாயிற்று. பழைய படத்தில் வெளிச்சம் சரியில்லை என்று அதே பாறையை அதே இடத்தில் இருந்து சித்தப்பா திரும்ப எடுத்தார். படம் கழுவி வந்த அன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். போன வருஷம் இரண்டேமுக்கால் பிள்ளை. இந்த வருஷம் இரண்டரை.

அத்தை எட்டிப் பார்த்தாள். "ஏம்டே, பாறை தேஞ்சு போச்சா?"

"பாறை தேயல்ல. பிள்ளை வளந்துபோச்சு."

"சோறு போட்டா வளரத்தானே செய்யும்" என்றாள் அம்மா.

"வருஷா வருஷம் இப்படி வளந்தா, நான் எதை நம்பி அளக்க மைனி?"

சிரிக்கவில்லை அவர். நிஜமாகவே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்துப் படங்களில் எது எந்த உயரப் பிள்ளை என்று இனி யாருக்கும் தெரியாது. என்னைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தார். போன வருஷம் என் உச்சந்தலை அவர் சட்டையின் நான்காம் பொத்தானுக்கு வந்ததாம். இப்போது மூன்றாவதைத் தாண்டி நின்றது.

"நான் இனி வளரல்ல சித்தப்பா" என்றேன்.

"அது ஒன் கையில இல்ல மக்கா. அடுத்த தடவை குடையக் கொண்டு போலாம். குடை வளராது."

குடை! கைப்பிடி வளைந்த, நீளமான கறுப்புக் குடை. வீட்டு மூலையில் சாய்ந்து கிடந்த அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. சாதத்தைக் குறைத்துப் பார்த்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்ததும் பழையபடி சாப்பிட்டேன். தலையில் கைவைத்து அழுத்திக்கொண்டு தூங்கினேன். காலையில் எழுந்தால் அதே உயரம்.

அடுத்த பயணம் நெடுமங்காட்டுக்கு. அங்கே ஒரு பழைய கொட்டாரம் இருக்கிறது, ராஜ குடும்பத்து அரண்மனை. பஸ்ஸில் குடையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நல்ல பிள்ளை என்று அத்தைகூடச் சொன்னாள். நெடுமங்காட்டில் நாங்கள் இறங்கினோம், குடை இறங்கவில்லை. சீட்டுக்கு அடியில் காலால் உள்ளே தள்ளி விட்டிருந்தேன். பஸ் அதை ஏற்றிக்கொண்டு விதுராவுக்குப் போய்விட்டது. நான் விதுராவைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். அந்தக் குடை எனக்கு முந்திப் பார்த்துவிட்டது.

"குடை எங்கட்டீ?" என்று அம்மா கேட்டாள்.

"மறந்துபோச்சு" என்றேன். பொய் சொல்லும்போது எனக்கு அழுகை நன்றாக வரும். அழுதேன்.

சித்தப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "செரி. போனது போட்டு. நீயே வந்து நில்லு."

அதற்குத்தான் பத்து நாளாக வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன். தரை தொடுகிற பாவாடை. உள்ளே முழங்காலை மடக்கினால் யாருக்கும் தெரியாது. அவர் பக்கத்தில் வந்தபோது மெல்ல இறங்கி, தலை நான்காம் பொத்தானுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"பாத்தேளா சித்தப்பா, நான் வளரவே இல்ல!"

அவர் பொத்தானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமா, பழைய அளவுக்கு வந்துட்டியே" என்றுவிட்டுக் கேமராவின் மேல்மூடியைத் திறந்தார்.

வாசல் தூண், முற்றம், மரப்படி, மேல்மாடி ஜன்னல் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நான் மடங்கினேன். வெயில் சரியில்லை, மேகம் போகட்டும் என்று அவர் காத்திருக்கும்போதெல்லாம் என் தொடை நடுங்கியது. ஆறாவது படத்தில் கொட்டாரத்துக் காவல்காரர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார்: "ஈ கொச்சினு காலினு எந்தெங்கிலும் வய்யாய்க உண்டோ?"

காலுக்கு ஏதாவது நோவா என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்னால் சித்தப்பா, கேமராவில் இருந்து தலையை எடுக்காமலே, "ஒண்ணுமில்ல. அவ நிப்பு அப்படியாக்கும்" என்றார்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே மலைப்பாக இருந்தது.

மத்தியானம் சோறு தின்றுவிட்டு, ஊருக்கு வெளியே வயல் பக்கம் போனோம். மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து வேலி, ஏற்றம், நெல் உலர்த்துகிற களம். பதினோராவது படம் ஒரு வைக்கோல் போர், மூன்றேகால் பிள்ளை. அது முடிந்தபோது எனக்கு நிற்கவே முடியவில்லை. ஆனாலும் மடங்கியபடியே நின்றேன். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி.

சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். எடுக்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை போல. என் கையைப் பிடித்து வரப்பின் மேல் ஏற்றி நிறுத்தினார். எனக்குப் பின்னால் தூண் இல்லை, போர் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. வெறும் வானம்.

"சித்தப்பா, பொறத்தால ஒண்ணும் இல்லியே?"

"வேண்டாம். இனி நிமிந்து நில்லு மக்கா."

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற வார்த்தைதானே என்று நினைத்தேன். முழு உயரத்துக்கும் நிமிர்ந்தேன். முழங்கால் சந்தோஷப்பட்டது, மனசு பதறியது. இந்த ஒரு படத்தில் என் குட்டு வெளிப்பட்டுவிடுமே! நல்லவேளை, பக்கத்தில் அளக்க ஒன்றும் இல்லை என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவர் அருகில் வந்தார், இன்னும் அருகில் வந்தார், முன்பு எப்போதும் வராத அளவுக்கு வந்து, குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு எடுத்தார். பிறகு அப்பாவிடம், "அண்ணே, பிள்ளையத் தூக்கிக்கிடுங்கோ. இன்னிக்கி அவளுக்குத்தான் சோலி கூடுதல்" என்றார். அப்பா தோளில் உட்கார்ந்து, ஊரில் இருக்கிற எல்லாரையும்விட உயரமாக நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

திரும்பும் பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதை அத்தை கவனித்துவிட்டாள். "ஏட்டி, காலையில இருந்து ராணி மாதிரி நின்னே. இப்ப என்னா?"

அவள் காதில் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக: "சித்தப்பா கடைசிப் படத்த வீணாக்கிட்டாரு. நான் மட்டும்தான் நிக்கேன். அதுல வேற ஒண்ணுமே இல்ல."

அத்தை சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல தூணுக்கு ஆகியிருக்க வேண்டிய படம் இப்படிப் போய்விட்டதே என்று கரமனை வரும்வரை நான் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.