நான் எழுதிய நாற்பது

அந்த ஞாயிற்றுக்கிழமை முதுநகரில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, மாமா, நான் நால்வரும் இருந்தோம். கீரப்பாளையத்து அத்தை வரவில்லை. அப்பாவின் வயது என்ன என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதை முடிவு செய்யத்தான் கூடியிருந்தோம்.

மீன்கூடை தூக்கித் தூக்கி அப்பாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. முதியோர் பணம் கேட்டு எழுதிப் போட்டதில், ஆதாரில் ஐம்பத்து நான்குதான், அறுபது ஆகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அந்த வயதைக் கொடுத்தவன் நான். ஏழாவது படிக்கும்போது, வீட்டில் எழுதத் தெரிந்தவன் என்று ஆதார் படிவம் என் கைக்கு வந்தது. அப்பாவைக் கேட்டேன். "நீயே பாத்து போடுடா" என்றார். நாற்பது போட்டேன். முழு எண்ணாக, பார்க்க நன்றாக இருந்தது.

"மீனுக்கெல்லாம் வயசு பாக்கறியாமே, உங்கப்பனுக்குப் பாரேன்" என்றார் மாமா.

சிதம்பரத்தில் எனக்கு அதுதான் ஆராய்ச்சி. கத்தாழை மீனின் தலைக்குள் இருக்கும் வெள்ளைக் கல்லைத் தேய்த்து வளையங்களை எண்ணுவேன். குளிர்க்கடல் மீனுக்கு ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விழும். நம் கடல் வெதுவெதுப்பானது. ஒரே கல்லை இரண்டு தரம் எண்ணினால் இரண்டு வயது வருகிறது. எலி மூன்று வருடத்தில் கிழடாகிறது, எலியைவிடச் சிறிய வௌவால்களில் சில முப்பது வருடம் பறக்கின்றன. ஏன்? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் ஜாஸ்தி.

"ஹைட்ரான்னு குளத்துல ஒண்ணு இருக்கு மாமா, அதுக்கு வயசே ஆவாதாம்."

"அதுக்கு ஆதார் யாருடா எழுதுனது?" என்றார் அப்பா. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம்தான் வயதுச் சான்று கேட்டுப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "அம்பதுலேருந்து அறுபத்தஞ்சுக்குள்ள" என்றிருந்தார். முழங்கால் எழுபது என்கிறது, தலைமுடி இன்னும் கறுப்பு. இதில் எதை வயது என்பது?

அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

"அறுபது ஆயிட்டுதுடா அவனுக்கு. என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், எனக்குத் தெரியாதா?"

"அத ஆபீஸ்ல வந்து சொல்லுங்க அத்தை."

"நல்லா சொன்ன போ! நான் வேல பாக்குற பால்வாடியில எனக்கு அம்பத்தாறுன்னுதான் எழுதியிருக்கு. தம்பிக்கு அறுபதுன்னா அக்காவுக்கு எவ்ளோன்னு கேக்க மாட்டானுவளா? அறுபது தாண்டுனா வூட்டுக்கு அனுப்பிடுவானுவ. நாலு வருசம் பொறுங்க, வேல முடிஞ்சதும் வந்து நூறு தடவ சொல்றேன்."

மாமா முறைத்தார். அப்பா போனை வாங்கினார்.

"நீ வேலைக்குப் போக்கா. நான் அம்பத்து நாலாவே இருந்துக்கறேன்."

விடிந்ததும் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். என் நாற்பதைக் குறை சொல்வதா, அத்தையின் ஐம்பத்தாறையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"மாசம் ஆயிரத்து இருநூறு. நாலு வருசத்துக்கு எவ்ளோடா? படிச்சவந்தானே, சொல்லு" என்றாள் அம்மா.

ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு.