அண்ணிக்கு எந்தப் படத்தை முதலில் போடுவது?

இந்த நேரத்தில் எழுதுவதற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும். பாப்பா தூங்கினால்தான் எனக்குக் கை ஓய்கிறது. சனிக்கிழமைக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அதனால் நாளைக்கு என்று தள்ளிப்போடவும் பயமாக இருக்கிறது.

எத்திராஜ் அண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது சித்தூரில், பாப்பாவுக்குத் தடுப்பூசி போடும் வரிசையில் நின்றிருந்தேன். கேமராமேன் முருகன்தான் பேசினான். "அக்கா, அண்ணன் பூட்டாருக்கா. திருப்பதியில மண்டபத்துல லைட் கட்டிக்கினு இருந்தாரு. நெஞ்ச புடிச்சிக்கினு ஒக்காந்தாரு, அவ்ளோதான்." சற்று நேரத்தில் ஊசி குத்தியதும் பாப்பா வீறிட்டாள். அவளைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் நானும் அழுதேன்.

அவரோடு பழகாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். அண்ணன் புத்தூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஐந்து படங்கள் எடுத்தார். ஒன்றும் தியேட்டருக்குப் போகவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர்தான் இந்தக் குழுவில் இருக்கும் நாம். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு அவர் ஸ்டூடியோவில் வீடியோக்களை வெட்டி ஒட்டும் மிக்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். "கல்யாண வீடியோவுல பொண்ண ஆப்பிள் பழத்துக்குள்ள வெச்சி சுத்த வுடறோம், ஒருத்தனும் ஏன்னு கேக்கறதில்ல. நான் ஏரியில பஸ்ஸ நிறுத்துனா மட்டும் பைத்தியமாம்மா?" என்று சிரிப்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "கனவுல பறக்கறவன் சட்டப் பையிலயும் பஸ் டிக்கெட்டு இருக்கும். பறக்கறத வுட்டுட்டு அந்த டிக்கெட்ட காமி."

ஏரியில் நிற்கும் பஸ்தான் 'நாலரை மணி வண்டி'. வற்றிய ஏரிக்கு நடுவே கிளம்பாமல் நிற்கும் ஒரு டவுன் பஸ். ஏறியவர்கள் இறங்குவதில்லை. காதுகுத்து, கல்யாணம் எல்லாம் உள்ளேயே நடக்கிறது. அவசரத்தில் கல்யாண வீடியோவுக்குப் பதிலாக அந்தப் படத்தை ஒரு சத்தியவேடு கல்யாணத்துப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். மறுவாரம் பெண்ணின் மாமா அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

"குடும்பத்தோட ஒக்காந்து கடைசி வரிக்கும் பாத்தோம்பா. பஸ்ஸு கல்யாணம் நல்லாத்தான் கீது. ஆனா நம்ம கல்யாணத்துல நான் மால போட்டனே, அத ஏன் காமிக்கல?"

"அத தனியா வெச்சிருக்கேன் நைனா" என்று அண்ணன் பென்டிரைவைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, அவருக்கு டீ சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "மொத ரசிகரும்மா. நல்லாப் பாத்துக்கோ" என்றார்.

'பஸ் படத்தில் தொடங்கு, சிரிப்பு வரும், யாரும் எழுந்து போக மாட்டார்கள்' என்று நம் குழுவில் எல்லோரும் எழுதுகிறீர்கள். வேறு யாருக்காக இருந்தாலும் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் பார்க்கப்போவது அவர் மனைவி சுலோச்சனா அண்ணி.

துக்கம் கேட்கப் போனபோது, அவர் படங்களின் ஹார்டிஸ்க்குகள் இருக்கும் தகரப் பெட்டியைக் கேட்டேன். அண்ணி இதுவரை அவர் படம் எதையும் பார்த்ததில்லை. "ஒரே ஒரு படம் போடு, பாக்கறேன். மனசு ஒத்துக்கினா பெட்டிய நீயே எடுத்துக்கினு போ. இல்லன்னா ஞாயித்துக்கெழம காளஹஸ்தியில சாம்பல கரைக்கறப்ப அதையும் சேத்து சொர்ணமுகி ஆத்துல வுட்டுடுவேன்" என்றார். அண்ணன் யாருக்கும் பிரதி கொடுத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டி போனால் ஐந்தும் போயிற்று.

ஏன் அண்ணி இவ்வளவு கோபம் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "புள்ளைய ஏரியிலேர்ந்து தூக்கியாந்த மூணாம் நாளு, கேமராவ தூக்கிக்கினு கல்யாணத்துக்குப் போனாரும்மா. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. அந்தக் கேமராவுல எடுத்தத நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?"

அவர்களுக்கு ஒரு மகன் இருந்து தவறியது எனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. சுவரில் அண்ணனின் புதுப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அவன் படம் மாட்டியிருந்தது. ஆறு வயது, மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

பஸ் படத்தில் ஜன்னலோர சீட் ஒன்றில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்தச் சின்னச் சட்டை கிடக்கும். யார் உட்கார வந்தாலும் கண்டக்டர், "ஆள் வருது, ஆள் வருது" என்று எழுப்பிவிடுவார். நாம் ஒவ்வொரு முறையும் அதற்குத்தான் சிரித்தோம். "எட்டு வாட்டி வருதுண்ணா, இழுக்குது, நாலு எடுத்துடறேன்" என்று எடிட்டிங்கில் சண்டை போட்டேன். "ஒண்ணு எடுத்தாலும் நீ வேலைக்கு வராத" என்றார். அப்படி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான். பிடிவாதம் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இப்போது பாப்பா குளியலறைப் பக்கம் போனாலே பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கிறேன். அந்த வண்டி ஏன் கிளம்பவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

அதைப் போட்டால் அந்த ஏரியை அண்ணி முதல் காட்சியிலேயே அடையாளம் கண்டுகொள்வார். மகன் போன இடத்தில் புருஷன் கூத்தடித்தார் என்று பாதியில் எழுந்துவிட்டால், எல்லாம் ஆற்றோடு போகும். 'மாவு மழை'யைப் போடலாம். தெருவில் இட்லி மாவு பெய்ய, பெண்கள் குண்டானோடு ஓடி வரும் படம். அண்ணி சிரிப்பார், பெட்டி என் கைக்கு வரும். ஆனால் அண்ணன் அழவே இல்லை என்ற நினைப்போடுதான் அண்ணி கடைசிவரை இருப்பார். அண்ணி பார்ப்பேன் என்றது ஒன்றே ஒன்று.

படம் ஓடும்போது அண்ணன் திரையைப் பார்க்க மாட்டார். முன்னால் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, பார்ப்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம். சனிக்கிழமை நானும் அண்ணிக்கு எதிரில் அப்படித்தான் உட்காரப் போகிறேன், பஸ் படத்தைப் போட்டுவிட்டு. இந்த வரி வரை வந்த பிறகுதான் முடிவு செய்தேன்.

ஏரியில் படப்பிடிப்புக்கு வந்த யாரிடமாவது அந்தச் சட்டையைப் பற்றி அவர் பேசியிருக்கிறாரா? அண்ணி பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் போட மாட்டேன். தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.